தாஸின் குழிக்கு ஒரு விடுதலைப் பத்திரம்

5-9-2004, ஞாயிறு

காலையில் தூறல். எட்டு மணிப் பூசை. சாமியார் பிரசங்கம் நீளம். கொடியில் போட்ட துணி நனையுமே என்ற நினைப்பிலேயே பாதி போயிற்று.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டம். தாஸ் போய் மூன்று மாதம். வல்லக்கோட்டை கூட்டுரோட்டில் லாரி அடித்துப் போட்ட என் தம்பி. லாரி நம்பர் இன்னும் யாருக்கும் தெரியாது. மழைக்கு மண் அமுங்கியிருக்கும், குழி வெட்டும் அந்தோணியிடம் சொல்லி மேடு போடவேண்டும் என்று போனேன்.

மேடு இல்லை. கல் நிற்கிறது.

கறுப்புக் கிரானைட். முட்டி உயரம். என் முகமே தெரிந்தது அதில்.

ச. அமலதாஸ்
என் உயிரானவர்
இப்படிக்கு மனைவி பேச்சியம்மாள்

'இப்படிக்கு'. லீவு லெட்டரா எழுதியிருக்கிறாள்?

அப்பா பெயர் இல்லை. அம்மா பெயர் இல்லை. நான் என்று ஒருத்தி இருப்பதாகவே இல்லை. சிலுவை உண்டு. ஓரத்தில், ஸ்டாம்பு அளவுக்கு.

அந்தோணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பொண்டாட்டின்னு சொல்லிச்சும்மா. பொண்டாட்டி வெச்சா யாரு இன்னா கேக்கப் போறாங்கன்னு வுட்டுட்டேன்."

நான் கேட்பேன்.

6-9, திங்கள்

வெயில். ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் நிற்க இடமில்லை. கம்பெனி ஆட்களின் பை முதுகில் குத்துகிறது.

ஆபீஸில் ஐந்து கிரயம். பத்திர எழுத்தர் ராமலிங்கம் சாரிடம் நான் சேர்ந்து பதினாறு வருடம். முன்பு வாரத்துக்கு ஐந்து வந்தால் பெரிது. இப்போது ஒரகடம் பக்கம் நிலம் கைமாறுகிற வேகத்துக்கு என் விரல் போதவில்லை. சார் படிப்பார், விற்கிறவர்கள் தலையாட்டுவார்கள், ரேகை உருட்டுவார்கள். என்ன படித்தார் என்று கேட்டவர் குறைவு.

எதற்கு இந்தக் கோபம் என்று என்னை நானே கேட்டு எழுதிவைக்கிறேன்.

ஒன்று. அம்மா போனபோது தாஸுக்கு ஏழு வயது. எனக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து அவனுக்குத் தலை வாரி, டிபன் கட்டி, காய்ச்சலுக்கு முழித்து. என்னைப் பார்க்க வந்தவர்களையெல்லாம் "தம்பி ஆளாகட்டும்" என்று திருப்பி அனுப்பினேன். அவன் ஆளானான். அதற்குள் வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள்.

இரண்டு. அப்படிப்பட்டவன் கம்பெனி பஸ்ஸில் சங்கரன்கோயில் பக்கத்துப் பெண் ஒருத்தியைப் பார்த்து, ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் வந்து "அக்கா, ஒரு விஷயம்" என்றான். கோயிலில் தாலி இல்லை. அவளுக்கு ஞானஸ்நானம் இல்லை. ஒன்றரை வருடம் ஒரகடத்தில் ஒற்றை ரூம் எடுத்துக் குடித்தனம்.

மூன்று. எங்கள் குடும்பக் குழியில் நாலு ஆள் இடம். அம்மா, அப்பா, தாஸ். மிச்சம் ஒன்று. அது எனக்கு. எனக்கென்று இந்த உலகத்தில் எழுதி வைத்த இடம் அந்த ஆறடி மட்டும்தான்.

அவளுக்கு வக்கீல் நோட்டீஸ் டைப் செய்தேன். கீழ் மாடி வக்கீல் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். இனி அவளை பே. என்றே எழுதுவேன். முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை.

8-9, புதன்

மாதா பிறந்தநாள். சக்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். நெய் கம்மி.

சாமியாரைப் பார்த்தேன். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, சின்ன வயது. குழியிடத்துக்கு அப்பா பெயரில் இருக்கிற பழைய ரசீதைக் காட்டினேன். கல்லறை விதிகள் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. எழுந்து போய்ப் படித்தார்.

"இடத்துக்கு உரிமையுள்ளவங்க எழுத்துல சம்மதிக்காம கல் நிறுத்தக் கூடாது. அது உங்க பக்கம். ஆனா அடுத்த விதியையும் பாருங்க ரெஜினா. கல்லு அதை வெச்சவங்க சொத்து. நீங்க உடைக்கவோ வெச்சுக்கவோ முடியாது. எடுத்தா அந்தப் பொண்ணுகிட்டயே ஒப்படைக்கணும்."

"ஒப்படைச்சிடலாம் ஃபாதர்."

"ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசக் கூடாதா? அவங்களும் துக்கத்துலதானே இருக்காங்க."

"பேசறதுக்கு ஒண்ணுமில்ல ஃபாதர்."

பெருமூச்சு விட்டார். விட்டுக்கொள்ளட்டும்.

10-9, வெள்ளி

மதியம் பே. ஆபீஸுக்கே வந்துவிட்டாள். வயரிங் கம்பெனி நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை. விரல் நுனியெல்லாம் பிளாஸ்திரி. சார் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மதினி, நோட்டீசு வந்துச்சு. கல்லை எடுக்கணும்னு போட்டிருக்கு."

மதினியாம். இங்கே அண்ணி என்போம். அதுவும் உறவு இருந்தால்.

"படிக்கத் தெரியுதே உனக்கு."

"நான் அவுக பொஞ்சாதி. ஒரு கல்லு வைக்கதுக்கு எனக்கு உரிமை இல்லையா மதினி?"

"கல்லு உன்னுது. இடம் எங்களுது. உன் கல்ல உன் ரூம்ல கொண்டு போய் வெச்சுக்கோ."

"ரூமுல வைக்கிற கல்லா மதினி அது?"

டைப்ரைட்டர் மூடியைத் திறந்தேன். ரிப்பன் மாற்றினேன்.

"ஒங்க பேரையும் செதுக்கச் சொல்லுதேன். மாமா, அத்தை பேரு எல்லாம் மேல போடச் சொல்லுதேன். எம்பேரு அடியில சின்னதா கெடந்தா போதும்."

"உன் பேரு இருக்கற கல்லுல எங்க பேரு எதுவும் வராது."

அழுதாள். சத்தமில்லாமல், கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு. பிறகு சொன்னாள்: "அவுக ஒரு நாளு கூட்டிட்டுப் போயி அந்த எடத்தக் காட்டுனாக. நாளப்பின்ன நமக்கு இங்கனதான், பக்கத்துல பக்கத்துலன்னு சொன்னாக."

தாஸ் சொன்னானா. அந்த நாலாவது இடத்தை இவளுக்கு. நான் எங்கே போவேன் என்று அவன் யோசித்தானா.

"கெளம்பு. எனக்கு வேலை கீது" என்றேன்.

போனபின் சார்: "இன்னாம்மா ரெஜினா, பச்சப் புள்ளைம்மா அது." நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். 'கிழக்கே' என்று வரவேண்டிய இடத்தில் 'மேற்கே' அடித்துவிட்டேன். முழுத்தாளும் வீண்.

11-9, சனி

மூட்டம். இடுப்பு வலி.

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இன்னொருவரிடம் சொல்ல முடியாது.

உபதேசியாரிடம் கல்லறைப் பதிவேட்டின் நகல் கேட்கப் போனேன். கோயில் கணக்கு, புத்தகம் எல்லாம் பார்க்கிற கிழவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, பக்கத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தார். இரண்டு தரம் பார்த்தார்.

"ரசீது உன்கிட்ட கீது. புத்தகத்துல வேற மாதிரி கீதேம்மா."

வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்து. அம்மாவைப் புதைத்த வாரம் எழுதியது. 'என் ஆயுளுக்குப் பின் மேற்படி குழியிடத்தின் உரிமை என் மகன் அமலதாஸுக்கும் அவன் வாரிசுகளுக்கும். மகள் கல்யாணமாகிப் போகிறவள்.'

உட்கார நாற்காலி தேடினேன்.

"அப்போ இப்ப யாருக்கு?"

"தாஸுக்கப்புறம் அவன் பொண்டாட்டிக்குத்தான். கோயில்ல கட்டலைன்னாலும் ரிஜிஸ்டர் கல்யாணம் கல்யாணம்தானே. அவளே இடத்துக்காரி, அவளே கல்லு வெச்சிருக்கா. அதுல தப்பே இல்ல." கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கேட்டா வருத்தப்படுவ. அவ சரின்னு எழுதிக் குடுத்தாத்தான் நீயே அங்க படுக்கலாம்."

"ஃபாதருக்குத் தெரியுமா?"

"அவரு இந்தப் புத்தகத்த தொறந்ததே இல்ல."

"அவளுக்கு?"

"நான் இன்னாத்துக்குப் போய் சொல்றேன்? அவ விட்டுக் குடுத்துட்டதா எழுதி வாங்கியா, ஒட்டிக்கிறேன். எனக்குப் புத்தகம் ஒழுங்கா இருந்தாப் போதும்."

12-9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன். தலைவலி இல்லை.

அப்பாவுக்குக் கடைசி மூன்று வருடம் பீ மூத்திரம் அள்ளியது நான். ஒரு தடவைகூட "உன் பேர் அதில் இல்லை" என்று சொல்லவில்லை. கல்யாணமாகிப் போகிறவள். போகவில்லையே அப்பா. போகவில்லை என்று தெரிந்தபின் ஒரு நடை போய் அந்த வரியை மாற்றியிருக்கலாமே. கோயில் எவ்வளவு தூரம்.

நேராகப் போய் பே.யிடம் கேட்டால்? "தாராளமா வாங்க மதினி" என்பாள். நிச்சயம் சொல்வாள். அதுதான் முடியாது. அவள் கொடுத்து நான் படுப்பதா.

அரிசி ஊறப்போட மறந்தேன். நாளைக்கு உப்புமா.

14-9, செவ்வாய்

பத்திரம் தயார். இரண்டு பக்கம்.

முதல் பக்கம் சுலபம். நாளது தேதியில் மேற்படி கறுப்புக் கல்லை முழுசாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன், இன்ன நீளம், இன்ன அகலம். யாருக்கும் புரியும்.

இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். பதினான்கு வரி. எட்டாவது வரியில்: 'மேற்படி குழியிடத்திலும் அதன் காலியிடத்திலும் எனக்குள்ள சகல பாத்தியதைகளையும் மனப்பூர்வமாக விடுதலை செய்து, இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பின்தொடர்ச்சியும் இல்லையென்று.' 'உரிமை' என்று எழுதினால் புரிந்துவிடும், அதனால் 'பாத்தியதை'. முன்னும் பின்னும் கல், கல், கல் என்றே வரும்படி வைத்தேன்.

பதினாறு வருடத்தில் நான் எழுதியதிலேயே நல்ல பத்திரம். சாரிடம் காட்ட முடியாதது ஒன்றுதான் குறை.

18-9, சனி

வெயில் சுட்டெரிக்கிறது. மின்விசிறி வேலை செய்யவில்லை.

சார் படப்பைக்குப் போயிருந்தார். பே.யை இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். ஒன்றரைக்கே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள்.

தன்மையாகப் பேசினேன். தண்ணீர் கொடுத்தேன். கல்லை உடைக்காமல் பத்திரமாக எடுத்து அவள் ரூமுக்கே அனுப்புவதாகச் சொன்னேன். கையெழுத்துப் போட்டால் கல்லறைத் திருநாளுக்கு வந்து மெழுகுவத்தி வைத்துவிட்டுப் போகலாம், நான் தடுக்கமாட்டேன் என்றேன்.

"நெசமாவா மதினி?"

"நெசமா."

முதல் பக்கம் படித்தாள். இரண்டாம் பக்கமும் படித்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. பிளாஸ்திரி ஒட்டின விரலை வரிவரியாக நகர்த்திப் படித்தாள். எட்டாவது வரியில் விரல் நின்றது.

"பாத்தியதைன்னா என்ன மதினி?"

"கல்ல வாங்கிட்டேன், இனிமே அதப் பத்தி கேள்வி கேக்க மாட்டேன்னு அர்த்தம். பத்திரத் தமிழ் அப்படித்தான் இருக்கும்."

"சரி" என்றாள். "நீங்க படிச்சவுக. ஒங்களுக்குத் தெரியாததா."

கையெழுத்து குண்டுகுண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளை போல. பேச்சியம்மாள் அமலதாஸ். சாட்சிக்கு டீக்கடைக்காரர், ஸ்டாம்பு விற்கிறவர். நகல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

போகும்போது: "பெரிய மனசு மதினி ஒங்களுக்கு."

சாயங்காலமே உபதேசியார் வீடு. பசை தடவி ஒட்டினார். புத்தகம் ஒழுங்காகிவிட்டது.

25-9, சனி

அந்தோணியும் இன்னொருவனும் கடப்பாரை போட்டு எடுத்தார்கள். அடியில் சிமெண்டு பிடித்திருந்தது. எடுக்கும்போது வலது மூலை சில்லு பேர்ந்தது. 'பேச்சியம்மாள்' பக்கம்.

மீன்பாடி வண்டியில் ஏற்றி ஒரகடம். நான் பின்னாலேயே பஸ்ஸில். ஒப்படைத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கவேண்டும் என்பது சாக்கு. பார்க்கவேண்டும் போல இருந்தது.

வரிசை வீடு, எட்டு ரூம். பே. ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வண்டியிலிருந்து கல்லை இறக்கும்போதே வீட்டுக்காரம்மா வெளியே வந்துவிட்டாள்.

"இன்னாடி இது? சமாதிக் கல்ல இட்டாந்து வூட்டாண்ட எறக்குற?"

"ரெண்டு நாளு வச்சிக்கிடுதேன்க்கா. வேற எடம் பாத்து..."

"ரெண்டு நிமிஷம் வெக்கக்கூடாது. புள்ளக்குட்டி கீற வூடு. எட்த்துனு போ. நீயும் சேத்து எட்த்துனு போ. புருஷன் போன ரூமுன்னு சொல்லி பக்கத்து ரூமுக்கு ஆளே வர மாட்றாங்க. இதுல கல்லு வேற."

அக்கம்பக்கத்து ரூம்களிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பே. கல்லின் எழுத்துப் பக்கம் துப்பட்டாவைப் போட்டு மூடினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாள் போல.

பேப்பரை நீட்டினேன். "இங்க ஒரு கையெழுத்து."

போட்டாள்.

அடுத்த பஸ் உடனே கிடைத்தது. ஜன்னலோரம் இடமும் கிடைத்தது.

3-10, ஞாயிறு

பூசை. நற்கருணை வாங்கினேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றுவிட்டு, என் முறை வரும் முன் வந்துவிட்டேன்.

அந்தோணி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது: பே. ரூமைக் காலி செய்துவிட்டாள். லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். கல்லை அங்கேயும் உள்ளே விடவில்லை. பின்பக்கம், துணி துவைக்கிற இடத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

"பொண்ணுங்க அது மேலதாம்மா துணி தொவைக்குதுங்க. இன்னா கல்லுன்னு தெரியாது அதுங்களுக்கு. எழுத்து கீழ போற மாதிரி அந்தப் பொண்ணே பொரட்டிப் போட்டுச்சு. மெதிபடக் கூடாதுன்னு."

சிரித்தேன். யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் எழுதிவைக்கிறேன், சிரித்தேன். அப்புறம் குழம்பு தீய்ந்த வாசனை. பாத்திரம் தேய்க்க அரைமணி நேரம்.

வாங்கவேண்டியது: மஞ்சள்தூள், துணி சோப்பு, ரிப்பன் இரண்டு. சோப்பை எழுதிவிட்டு அடித்தேன். திரும்ப எழுதினேன்.

17-10, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் சேறு.

புதுக் கல் வந்துவிட்டது. வெள்ளை, பெரியது. வாசகம் நானே எழுதிக் கொடுத்தேன். சவரிமுத்து. மரியம்மாள். இவர்கள் மகன் அமலதாஸ். அதன் கீழ் 'இவர்கள் மகள் ரெஜினா', பிறந்த வருடம், ஒரு கோடு, கோட்டுக்கு அப்புறம் காலி.

கல் வெட்டுகிறவர் தயங்கினார். "உயிரோட கீறவங்க பேரை யாரும் வெட்ட மாட்டாங்கம்மா."

"வெட்டுங்க."

இனி அந்த இடத்தை யாரும் காலி என்று சொல்ல முடியாது. சொந்தப் பெயரைக் கல்லில் பார்க்கும்போது ஒரு நிம்மதி. கொஞ்சம் குளிர்ந்த மாதிரியும்.

சாமியார் வந்து பார்த்தார். "தாஸோட மனைவி பேரு?" என்றார்.

"எழுதிக் குடுத்துட்டாங்க ஃபாதர். புத்தகத்துல ஒட்டியிருக்கு, பாருங்க."

பார்க்கமாட்டார்.

31-10, ஞாயிறு

குழியைச் சுற்றிப் புல் வெட்டியாயிற்று. கல்லைத் தேங்காய் நார் போட்டுக் கழுவினேன். மெழுகுவத்தி இரண்டு பாக்கெட், சாமந்தி சொல்லியாயிற்று. கால் வீக்கம். இந்த முறை எனக்கு உதவிக்கு ஆள் இல்லை. போன வருடம் தாஸ் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். "அக்கா, மெதுவா நட" என்று கத்திக்கொண்டே.

2-11, செவ்வாய். கல்லறைத் திருநாள்

பகல் முழுதும் தூறல். நாலு மணிக்கு விட்டது. தோட்டம் முழுக்க ஜனம், பூ, புகை. மெழுகுவத்தி காற்றுக்கு அணைந்து அணைந்து போயிற்று. அம்மாவுக்கு நாலு, அப்பாவுக்கு நாலு, தாஸுக்கு ஏழு.

ஐந்து மணி சுமாருக்கு நிமிர்ந்தால் கேட்டுக்கு வெளியே பே. ஒரு முழம் மல்லி, ஒரு மெழுகுவத்தி. எல்லோரும் போய் வந்துகொண்டிருக்கிறார்கள், இவள் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு நேரமாகவோ.

போனேன்.

"உள்ள வரலாமா மதினி?"

"பத்து நிமிஷம்."

செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தாள். எங்கள் ஆட்கள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. மல்லியைக் கல்லின் மேல் வைக்காமல் மண்ணில் வைத்தாள். பத்தி ஏற்றவில்லை, யாரைப் பார்த்தோ தெரிந்துகொண்டிருக்கிறாள். கல்லைப் படித்தாள். அதே விரல், வரிவரியாக. மாமா பெயர். அத்தை பெயர். தாஸ் பெயரில் விரல் கொஞ்ச நேரம் இருந்தது. அடுத்த வரி தன் பெயராக இருக்கும் என்று நினைத்தாளோ என்னமோ. என் பெயர்.

திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. தெரிந்துகொண்டாள், இனி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் என்ன சொல்வது என்று ஒன்றரை மாதமாகத் தயாராக வைத்திருந்தேன்.

"மதினி, ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"ஏன்?"

"பேரு போட்டிருக்கீகளே. டாக்டரு ஏதும் சொன்னாகளா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

மூச்சு விட்டாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு கோட்டுக்கு அப்புறம் காலியாக விட்டிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இதுல தேதி போட ஆளு வேணும்லா மதினி. ஒங்களுக்கு வேற யாரு இருக்கா? நான் எங்கயும் போவ மாட்டேன், இங்க பக்கத்துலதான் வேலை. சாமியாருட்ட எம்பேரச் சொல்லி வைங்க. நான் வந்து நல்லபடியா போடச் சொல்லுதேன்."

மணி பார்த்தேன்.

"ஆறு நிமிஷம் ஆச்சு" என்றேன்.